பள்ளிக்கரணைக் கழுவெளியும் நமது யூபிலியும்



நமது யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, ஆலயம் எழும்பிய வரலாற்றையே நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவ்வரலாறு இம்மலரின் வேறு பக்கங்களில், அதனைக் கண்ணாரக் கண்ட பெரியவர்களின் வாய்மொழியாகவே இடம் பெற்றிருக்கிறது. அதைவிடச் சிறப்பாக என்னால் எழுத இயலாது. ஆகவே, திருவிடந்தை, கோவளம் பகுதி ஊர்களின் பின்புறமாக ஓடும் தண்ணீரின் வரலாற்றை எழுதத் துணிந்தேன். அத்தண்ணீரில் பெரும் பங்கு புறப்பட்டு வரும் இடம் நமக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கரணைக் கழுவெளி. இன்று அது மாநகரத்தின் நடுவே அரசினால் காக்கப்படும் இயற்கைப் பகுதி. அதன் கதையைச் சொல்லிய பின், நமது பங்கைக் குறித்த வேண்டுகோள் ஒன்றையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

கழுவெளி என்பது யாது?

பள்ளிக்கரணை என்றதும் இன்று பலருக்கு நினைவில் எழுவன அடுக்குமாடிக் கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைமேடுமே ஆகும். ஆயின் வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம், மேடவாக்கம் ஆகிய ஊர்களுக்கு நடுவே, இரண்டு தலைமுறைகளுக்கு முன்வரை, கண்ணுக்கெட்டிய தூரம் கோரையும் நாணலும் தண்ணீருமாகப் பெருவெளி ஒன்று பரந்து கிடந்தது. அதனையே நம் மக்கள் கழுவெளி என்றனர். அக்காலத்தில் அதன் பரப்பு 5,000 எக்டேருக்குக் குறையாது என்பர்.

ஏரியும் கழுவெளியும் ஒன்றல்ல. ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு, கலங்கல் உண்டு. அது மனிதன் உழைத்து அமைத்தது. கழுவெளியோ இறைவனின் படைப்பு. அதற்குக் கரை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அது விரியும். சித்திரை, வைகாசியில் சுருங்கும். சுற்றிலும் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் நிலத்தில் பெய்யும் மழை, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளை நிரப்பிவிட்டு, கலங்கல் வழிந்து, இந்தத் தாழ்நிலத்திற்கே வந்து சேர்கிறது. வந்த நீர் உடனே ஓடிவிடுவதில்லை. கோரைகளுக்கிடையே பரவி நிற்கும். மண்ணுக்குள் இறங்கி அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்றாகும். எஞ்சியது ஒக்கியம் மடுவு என்னும் ஒரே குறுகிய வாய்க்கால் வழியாக மெல்ல மெல்ல வெளியேறும். வேகமாய் வரும் வெள்ளத்தை வாங்கி, அதை நிதானப்படுத்தி அனுப்புவதே கழுவெளியின் தொழில்.

இத்தொழிலின் அளவை நம் பள்ளிப் பிள்ளைகளும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் எக்டேர் நிலத்தில் ஓர் அடி உயரத்திற்குத் தண்ணீர் நின்றால், அது ஏறத்தாழ 30 லட்சம் லிட்டர் ஆகும்.

அங்கே பறவைகளும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் வடதிசையிலிருந்து உள்ளான்களும் வாத்துகளும் வந்திறங்கும். பூநாரைகள் ஆழமற்ற நீரில் வரிசை வரிசையாய் நின்று இரை தேடும். கூழைக்கடாக்களும், நீலத் தாழைக்கோழிகளும், இலைகளின் மேல் நடக்கும் இலைக்கோழிகளும் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட பறவை வகைகள் அங்கே காணப்பட்டுள்ளன. கார்கள் விரையும் துரைப்பாக்கம் சாலையின் இருபுறமும் இன்றும் இவற்றைக் காணலாம்.

நம் வாசலுக்கு வரும் வழி

ஒக்கியம் மடுவைக் கடந்த நீர் பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. இக்கால்வாய் சென்னைக்கு வடக்கே 1806-ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கப்பட்டு, பின்னர் தெற்கே மரக்காணம் வரை நீட்டப்பட்டது. 1877-78 ஆண்டுகளில் கொடிய பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு நகருக்குள்ளிருந்த இணைப்புப் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் அதில் சென்றன.

கழுவெளி நீர் இக்கால்வாய் வழியே தெற்கு நோக்கி வந்து, முட்டுக்காட்டுக் கழியில் விரிந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேருகிறது. கோடையில் மணல் மூடிக்கொள்ளும் அம்முகத்துவாரம், மழைக்காலத்து நீரின் தள்ளுதலால் திறக்கிறது. திறந்தால்தான் கடல்நீரும் நன்னீரும் கலந்து, இறாலும் நண்டும் மடவையும் கழியில் பெருகும். இக்கரையின் இருளர் மக்கள் இடுப்பளவு நீரில் நின்று வெறும் கையால் இறால் தடவிப் பிடிப்பதைக் கண்டவர்கள் நம்மில் பலர் உண்டு. வடக்கே கழுவெளி நலமாயிருந்தால் இங்கே அவர்களுக்கு அன்றாட உணவு. அங்கே சாக்கடை கலந்தால் இங்கே மீன் செத்து மிதக்கும்.

இக்கடற்கரையில் நமது விசுவாசமும் கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட மணலில்தான் வேரூன்றியது. கோவளத்தில் 1808-ஆம் ஆண்டு ஜான் டி மாண்டி என்னும் போர்த்துகீசிய வணிகர் எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயம் அதற்குச் சாட்சி. ஆகவே பள்ளிக்கரணையின் வரலாறு நமக்கு அயலூர்க் கதையன்று.

தரிசு என்னும் சொல்

இத்தகைய நிலம் எவ்வாறு அழிந்தது? எதிரிப் படை எதுவும் வந்து அழிக்கவில்லை. ஏட்டில் எழுதப்பட்ட ஒரு சொல்லே அழிவுக்கு வழி திறந்தது என்பது என் எண்ணம். நெல் விளையாத நிலம். தீர்வை வராத நிலம். ஆகவே அது 'தரிசு', அது 'புறம்போக்கு'. கழுவெளி என்ற சொல்லில் அந்நிலத்தின் தொழில் அடங்கியிருந்தது. தரிசு என்ற சொல்லோ அதற்குத் தொழிலே இல்லை என்றது. தொழில் இல்லாத நிலத்திற்கு ஏதேனும் ஒரு தொழில் கொடுப்பதுதானே முறை என்று அரசும் எண்ணியது, தனியாரும் எண்ணினர்.

1980-களில் மாநகரின் குப்பை பெருங்குடிப் பக்கத்துச் சதுப்பில் கொட்டப்பட்டது. நகரம் வளர்ந்தது; குப்பையைக் கொட்ட இடம் வேண்டியிருந்தது. கழிவுநீர் நிலையம் வந்தது, அதுவும் தேவையே. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், காற்றாலை ஆய்வு நிலையம் போன்ற உயர்ந்த நிறுவனங்கள் அதன் ஓரத்திலே எழுந்தன. பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கணினி நிறுவனங்கள் பெருகின. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. சதுப்பின் குறுக்கே சாலை போடப்பட்டது. 2007-ஆம் ஆண்டில் வேளச்சேரி வரை பறக்கும் ரயில் வந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல மனம் வராது. அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், கழுவெளியின் பெரும்பகுதி போய்விட்டது.

போனது ஏறத்தாழ 4,000 எக்டேர் என்று வைத்துக்கொண்டு, முன் சொன்ன கணக்கைப் போடுங்கள். ஓர் அடி உயரத்திற்கே 1,200 கோடி லிட்டர் தண்ணீர் தங்குமிடம் இழந்தது. அண்மை ஆண்டுகளில் சென்னை மாநகருக்கு நாளொன்றுக்கு வழங்கப்படும் குடிநீர் ஏறத்தாழ 100 கோடி லிட்டர். அதாவது பன்னிரண்டு நாள் குடிநீருக்கு ஈடான வெள்ளம், தான் தங்கிய இடத்தைத் தேடித் தெருக்களில் அலைகிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய அதே நகரம், 2019-ஆம் ஆண்டு கோடையில் ஏரிகளெல்லாம் வறண்டு குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றதை நாம் மறக்கலாகாது.

இன்னொன்றையும் வேதனையோடு சொல்ல வேண்டும். நகரத்துக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழை மக்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க இடம் தேடியபோது, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனக் கழுவெளியைச் சுற்றிய தாழ்நிலமே கிடைத்தது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் வீடிழந்த கடற்கரை மக்கள் செம்மஞ்சேரிக்குக் கொண்டுவரப்பட்டனர். 2015 வெள்ளத்திற்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் பெரும்பாக்கத்தில் குடியேற்றப்பட்டனர். ஒரு வெள்ளத்திலிருந்து காப்பாற்றி, மற்றொரு வெள்ளம் வரும் வழியில் குடிவைத்தோம். விலைபோகாத நிலமும் செல்வாக்கில்லாத மக்களும் ஒன்றாய்ச் சேர்க்கப்பட்டது தற்செயலாய் நிகழ்ந்தது என்று நான் எண்ணவில்லை.

நான் செய்ததும் கண்டதும்

பிறரைப் பற்றி மட்டும் எழுதினால் இது நேர்மையான கட்டுரை ஆகாது. இங்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் அக்கழுவெளியின் ஓரத்துப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றினேன். அக்காலத்தில் ஏறக்குறைய வாரந்தோறும் ஒரு வீடு மந்திரிப்பு இருக்கும். வெளியூரிலிருந்து வந்து, வாடகை வீடுகளில் அல்லலுற்று, நகைகளை விற்றும் கடன் வாங்கியும் ஒரு மனை வாங்கிய குடும்பங்கள் அவை. நானும் மகிழ்ச்சியோடு சென்று ஒவ்வோர் அறையிலும் தீர்த்தம் தெளித்தேன். தெருக்கோடியில் கோரை நின்றதைக் கண்டேன். ஆனால் அது யாருடைய இடம் என்று நான் கேட்டதில்லை.

அதுமட்டுமன்று. ஆலயத்தின் பின்புறம் மழைநீர் நிற்கும் பள்ளம் ஒன்று இருந்தது. திருவிழாவிற்குத் தேர் சுற்ற இடம் போதவில்லை என்று மக்கள் கேட்டார்கள். இடித்த கட்டடத்தின் கல்லும் மண்ணும் இலவசமாய்க் கிடைக்கவே, லாரி லாரியாய்க் கொட்டி நிரவினோம். அவ்வாண்டு தேர் சிறப்பாகச் சுற்றியது. என்னைப் பலரும் பாராட்டினர்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் எங்கும் வெள்ளம் வந்தது. எங்கள் தெருக்களில் மார்பளவு தண்ணீர் நின்றது. பள்ளியின் மாடியிலும் பங்கு இல்லத்தின் மாடியிலும் சாதி, சமய வேறுபாடின்றிக் குடும்பங்கள் தங்கின. மூன்றாம் நாள், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாமி, எங்க வீட்ட நீங்கதான் மந்திரிச்சீங்க, ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார். குறை சொல்லும் குரலன்று அது. ஆறுதல் தேடும் குரல். எனக்குத்தான் பதில் வரவில்லை. தண்ணீர் வடிந்தபின் சென்று பார்த்தேன். நாங்கள் நிரவிய மேடு காய்ந்து கிடந்தது. அதன் கீழண்டை இருந்த ஏழு வீடுகளில் சேறு முழங்காலளவு இருந்தது. அவ்வேழு வீடுகளில் ஆறு பிற சமயத்தாருடையவை. தேர் சுற்றும் இடத்திற்காக நாங்கள் தள்ளிவிட்ட தண்ணீர் அவர்கள் வீட்டிற்குப் போயிற்று. இதை நான் ஆண்டவர் முன்னிலையில் பலமுறை அறிக்கையிட்டிருக்கிறேன். இன்று உங்கள் முன்னும் சொல்கிறேன்.

மீட்கப்பட்ட சிறு பங்கு

ஆயினும் கழுவெளியின் கதை அழிவோடு முடியவில்லை. சுற்றுப்புறக் குடியிருப்புகளில் வாழ்ந்த சாதாரண மக்கள், குப்பை எரியும் புகையைத் தாங்கமாட்டாமல் முதலில் குரல் எழுப்பினர். பறவை பார்க்கச் சென்ற இளைஞர்கள் கணக்கெடுத்து எழுதினர். 'கேர் எர்த்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஜெயஸ்ரீ வெங்கடேசன் போன்ற ஆய்வாளர்கள் அங்கு வாழும் உயிர்களையும் நீர் வரும் வழிகளையும் ஆராய்ந்து, இது தரிசன்று என்று அரசின் முன் நிறுவினர். நீதிமன்றங்களும் தலையிட்டன. இதன் பயனாக 2007-ஆம் ஆண்டில் 317 எக்டேர் சதுப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு, வனத்துறையின் பொறுப்பில் வந்தது. பின்னர் மேலும் சில பகுதிகள் சேர்க்கப்பட்டன. 2021-ஆம் ஆண்டில் மக்கள் நடந்து பார்ப்பதற்கான சூழல் பூங்காவும் திறக்கப்பட்டது.

1971-ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் சதுப்பு நிலங்களைக் காக்க உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 1982-இல் அதில் சேர்ந்தது. 2022-ஆம் ஆண்டில் பள்ளிக்கரணையின் 1,247 எக்டேர் பரப்பு அவ்வுடன்படிக்கைப் பட்டியலில் இடம் பெற்றது. அதே ஆண்டில் நம் செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இடம் பெற்றன. 2025-ஆம் ஆண்டில் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு ராம்சார் விருது வழங்கப்பட்டது. இந்தியாவிலிருந்து அவ்விருதைப் பெற்ற முதல் தனிநபர் அவரே.

வேடந்தாங்கலைப் பற்றி ஒரு சொல். அங்கு பறவைகளைக் காத்தவர்கள் முதலில் அதிகாரிகளல்லர், ஊர் மக்களே. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு எருவாவதை அவர்கள் அறிந்திருந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, அங்கு எவரும் பறவைகளைச் சுடலாகாது என்று செங்கல்பட்டு ஆட்சியரிடம் உத்தரவு பெற்றனர். ஒரு நிலத்தின் பயனை அறிந்தவர்கள் அதைத் தரிசென்று சொல்வதில்லை.

நகருக்குள் உள்ள கிண்டிக் காடும் இவ்வாறு காக்கப்பட்டதே. நமது சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் அருகிலுள்ள அக்காடு 1910-இல் காப்புக்காடாகி, 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. அதைச் சுற்றி மதில் எழுப்பிக் காக்க முடிந்தது. கழுவெளிக்கு மதில் உதவாது. மேற்கேயுள்ள ஏரிகளிலிருந்து நீர் உள்ளே வரவேண்டும். ஒக்கியம் மடுவு வழியாக வெளியே போகவேண்டும். ஆகவே வேலிக்குள் இருக்கும் நிலத்தை மட்டும் காத்தால் போதாது. வேலிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு ஏரியையும், வாய்க்காலையும், தாங்கலையும் காக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மீண்டும் நீரில் மிதந்தன. காப்புக்காடு என்று அறிவிப்பது மட்டும் போதாது என்பதற்கு அதுவே சான்று.

யூபிலி என்பது நிலத்திற்கும் உரியது

பூந்தமல்லி குருமடத்தில் லேவியர் நூலைப் பயின்ற காலத்தில், அதன் இருபத்தைந்தாம் அதிகாரத்தைத் தேர்வுக்காகவே படித்தேன். இப்போது இந்த யூபிலி ஆண்டில் மீண்டும் படிக்கும்போது அது வேறாய்த் தெரிகிறது. நாம் யூபிலி என்றதும் பந்தல், தேர், பேரணி, சிறப்பு மலர் என்று எண்ணுகிறோம். அந்நூலிலோ யூபிலி முதன்மையாய் நிலத்தைப் பற்றியது. ஏழாம் ஆண்டில் நிலத்திற்கு ஓய்வு, ஐம்பதாம் ஆண்டில் கைமாறிய நிலம் பழையவரிடமே திரும்புதல், அடிமைகளுக்கு விடுதலை. இதற்குக் காரணமும் அங்கே கூறப்படுகிறது: நிலத்தின் உரிமையாளர் ஆண்டவர் ஒருவரே, நாம் அவரிடம் தங்கியிருக்கும் குடிகள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலில் பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் பிரிக்கலாகாது என்று போதித்தார். அம்மடல் வெளிவந்த அதே ஆண்டின் இறுதியில்தான், முன் சொன்ன மூதாட்டியின் கையில் நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கொடுத்தேன்.

நம் திருவிடந்தைப் பெருமாள் கோயிலில், நீரில் ஆழ்ந்த பூமியை மீட்டெடுத்த வராக வடிவத்தை நம் இந்து சகோதரர்கள் வழிபடுகின்றனர். மண்ணை மீட்பது புனிதச் செயல் என்பதை அவர்களும் அறிவர். இக்காலத்தில் மண்மேட்டின் கீழ் புதைந்துபோன நீரையும் நாம் எல்லாரும் சேர்ந்து மீட்க வேண்டியிருக்கிறது.

எனது வேண்டுகோள்

நம் ஆலயத்தின் மேற்கே உள்ள தாங்கலைத் தூர்த்து, அங்கே யூபிலி நினைவாகச் சமூகக் கூடம் கட்டலாம் என்னும் கருத்து பங்குப் பேரவையில் எழுந்துள்ளது. அதைக் கூறியவர்கள் நல்ல எண்ணத்தோடே கூறினர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு திருமண மண்டபத்தின் வாடகை எவ்வளவு என்பதை நான் அறிவேன். மீனவக் குடும்பம் ஒன்று மகளைக் கரையேற்ற, அவ்வாடகைக்காகவே வட்டிக்கு வாங்குவதையும் அறிவேன். கூடம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் தாங்கலைத் தூர்க்க வேண்டாம் என்று உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அது ஆண்டில் ஐந்து மாதம் தண்ணீரோடும் ஏழு மாதம் வெறும் பள்ளமாகவும் இருப்பது உண்மையே. அந்த ஏழு மாதத்தைப் பார்த்து அதற்குத் தரிசு என்று பெயரிடாதீர்கள். அதன் கீழண்டை யார் யார் வீடு இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே மேட்டிலுள்ள பழைய வகுப்பறைக் கட்டடத்தின் இடத்தில் கூடம் கட்டலாம். இடம் குறையும், நூறு பேருக்கு மேல் அமர முடியாது. மாடி எழுப்ப வேண்டியிருப்பதால் செலவு கூடும். யூபிலி ஆண்டுக்குள் முடியாமலும் போகலாம். இவற்றை மறைக்க நான் விரும்பவில்லை. முடிவு பேரவையினுடையது, உங்களுடையது. நான் இன்னும் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவேன். தண்ணீரோடு வாழப்போவது நீங்களும் உங்கள் பிள்ளைகளுமே.

பேரவை இதற்கு இசையுமானால், யூபிலி நிறைவு நாளன்று திருப்பலிக்குப் பின் நாம் யாவரும் பவனியாகத் தாங்கலுக்குச் செல்வோம். அதன் கரையில் புன்னைக் கன்றுகள் நடுவோம். கீழண்டை வீட்டார் அனைவரையும், எச்சமயத்தவராயினும், அழைப்போம். முன்பு பல வீடுகளை மந்திரித்த நான், அன்று அத்தண்ணீரை மந்திரிக்க ஆவலாயிருக்கிறேன்.

எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவரையும், நம் நிலத்தையும் நீரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

ஆண்டவரில் உங்கள் அன்புள்ள,
பங்குத் தந்தை